அறுவடை வரை பொறுக்க முடியாதா?

கடலூர் மாவட்டம் மேல் வளையமாதேவி வயல்களில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக 2023 ஜூலை 26-ஆம் தேதி மண்வாரி இயந்திரங்களை இறக்கியது பற்றி நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. விளக்கம் கொடுத்துவிட்டது. மாவட்ட நிர்வாகமும் விளக்கம் கொடுத்துவிட்டது. அமைச்சர்கள் பேசிவிட்டார்கள், எதிர்க்கட்சிகள் போராடிவிட்டன, உயர் நீதிமன்றம் வேதனைப்பட்டுவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் தேவையா, இரண்டாம் சுரங்கத்தை விரிவாக்கலாமா, நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்றெல்லாம் நம்மைத் திசை திருப்புகிறார்கள். அவை பெரிய கேள்விகள், தனியாகப் பேச வேண்டியவை. நாம் கேட்பது அதைவிடச் சிறியது, அதனாலேயே தட்டிக்கழிக்க முடியாதது: நட்டு, களையெடுத்து, உரம் போட்டுப் பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிரைப் போலீஸ் காவலோடு மண்ணில் புதைக்கும்படி உத்தரவிட எப்படி மனம் வந்தது?

அன்று எடுக்கப்பட்ட படங்களைத் தமிழ்நாடே பார்த்தது. வரப்பை மிதித்து ஏறிய இயந்திரத்தின் இரும்புச் சங்கிலிக்கு அடியில் பயிர் வேரோடு படிந்து கிடந்தது. வாரிக் கொட்டிய ஈர மண்ணுக்குள்ளிருந்து நெல்லின் நுனிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வயலுக்குள் போக முயன்றவர்களைக் காக்கிச் சட்டைகள் சாலையிலேயே மறித்து நின்றன. சோறு போடும் பயிரைக் காலால் மிதிப்பதே பாவம் என்று நினைக்கும் ஊர்களில் இது நடந்தது. வயலில் பிழைப்பவர்களுக்கு நெல் வெறும் சரக்கு இல்லை. அது தெரியாத அதிகாரிகளா இந்த முடிவை எடுத்தார்கள்? சேத்தியாத்தோப்பிலும் புவனகிரியிலும் கோப்பு பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே செய்தார்கள் என்பதுதான் நம் கோபம்.

நிலம் எங்களுடையது என்பது நிறுவனத்தின் முதல் வாதம். 2006 முதல் 2013 வரை சட்டப்படி கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்துவிட்டோம், அதற்குப் பிறகு உழுதவர்கள் எங்கள் நிலத்தில் உழுதவர்கள் என்கிறார்கள். காகிதத்தில் இது சரியாகவே இருக்கட்டும். ஆனால் பத்து ஆண்டு, அதற்கும் மேலாக அந்த நிலத்துக்கு வேலி போட்டார்களா? பயன்படுத்தினார்களா? போகம் போகமாக அதே குடும்பங்கள் அங்கே உழுதன, நட்டன, அறுத்தன. அந்த நெல் அதே சாலை வழியாகத்தான் களத்துக்கும் சந்தைக்கும் போனது. கையகப்படுத்திய நிலம் ஐந்து ஆண்டு பயன்படாமல் கிடந்தால் உரியவருக்கோ நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு பேசுகிறது. அது வளையமாதேவிக்குப் பொருந்துமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அந்தப் பிரிவுக்குப் பின்னால் இருக்கும் நியாயத்துக்கு மட்டும் வக்கீல் தேவையில்லை: தேவைப்படாத காலத்தில் விட்டுவைத்தவர், தேவை வந்த அன்று ஒரு போகத்துக்குக்கூட அவகாசம் தராமல் வருவது முறையாகாது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த 1894-ஆம் ஆண்டுச் சட்டமே நிலத்தின் மதிப்பு வேறு, அதில் நிற்கும் பயிரின் மதிப்பு வேறு என்று பிரித்துப் பார்த்தது. அந்த வேறுபாடு நம் அதிகாரிகளுக்குத் தெரியாமல் போனது வெட்கக்கேடு.

2022 டிசம்பரிலேயே விதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்பது அடுத்த வாதம். இதுதான் நம்மை அதிகம் எரிச்சலூட்டுகிறது. சொன்னவர்கள் அதோடு நின்றுவிட்டது ஏன்? நெல் ஒரே இரவில் முளைத்து நிற்பதில்லை. நாற்றங்கால் விடுகிறார்கள், சேற்றுழவு ஓட்டுகிறார்கள், அண்டை வெட்டுகிறார்கள், நாற்றுப் பறித்து நடுகிறார்கள், ஆள் விட்டுக் களை எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஊரறிய, சாலையில் போகிறவர் கண்ணெதிரே நடக்கும் வேலை. ஒவ்வொன்றுக்கும் கைக்காசு போகிறது. கைக்காசு இல்லாதவர் நகையை வைக்கிறார். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் நாற்றங்காலிலேயே நிறுத்தியிருக்கலாம். விதையோடு நஷ்டம் போயிருக்கும், உழைப்பு வீணாகியிருக்காது, கடனும் ஏறியிருக்காது. அப்போதெல்லாம் யாரும் வரவில்லை. செலவு முழுவதும் முடிந்து, இனிமேல் தண்ணீர் காட்டி அறுக்க வேண்டியதுதான் பாக்கி என்ற கட்டத்தில் வந்தார்கள். ஒரு விவசாயிக்கு அதிக இழப்பு தரக்கூடிய நாளைத் தேடிப் பிடித்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமான நாள் கிடைத்திருக்காது.

சுரங்கம் நின்றுபோகும், மின்சாரம் நின்றுபோகும் என்பது மூன்றாவது வாதம். ஆண்டுக்கு 1.5 கோடி டன் பழுப்பு நிலக்கரி வெட்டும் திறன் கொண்ட இரண்டாம் சுரங்கம் ஆற்றின் ஓரத்தை நெருங்கிவிட்டது, மழைக்காலத்துக்கு முன் பரவனாற்றைத் திருப்பாவிட்டால் சுரங்கத்துக்கும் ஆபத்து, சுற்றியுள்ள வயல்களுக்கும் வெள்ள ஆபத்து என்றார்கள். நெய்வேலி அனல்மின் நிலையங்களின் திறன் 3,390 மெகாவாட். தென்மாநிலங்கள் அனைத்தும் அதை நம்பியிருக்கின்றன. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் திறந்தவெளிச் சுரங்கம் திடீரென்று பாய்ந்து வரும் காட்டு யானை அல்ல. எந்த ஆண்டு எந்தப் புல எண்ணை எட்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே வரைபடத்தில் கோடு போட்டுத்தான் வெட்டுகிறார்கள். சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் பத்தரை கிலோமீட்டர் முடிந்துவிட்டது, ஒன்றரை கிலோமீட்டர்தான் மீதி என்று நிறுவனமே அப்போது சொன்னது. ஆண்டுக்கணக்கில் நடந்த வேலையின் கடைசித் துண்டுக்கு மட்டும் திடீரென்று தலைபோகிற அவசரம் வந்தது எப்படி? திட்டமிடுவதில் அவர்கள் கோட்டை விட்டதற்கு விவசாயியின் வயல் ஏன் விலை கொடுக்க வேண்டும்? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். செப்டம்பர் 15-க்குள் அறுவடையை முடித்து நிலத்தை ஒப்படைக்கலாம் என்று பிறகு உயர் நீதிமன்றம் வழி காட்டியது. நீதிமன்றத்துக்குப் புலப்பட்ட அந்த எளிய வழி, ஜூலையில் கூட்டம் போட்டு முடிவெடுத்தவர்களில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை?

அடுத்தது பணம். அழித்த பயிருக்கு ஏக்கருக்கு ரூ.30,000 தருவதாக முதலில் அறிவித்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு அது ரூ.40,000 ஆனது. பழைய இழப்பீட்டுக்கு மேல் கருணைத் தொகை என்று ஏக்கருக்குச் சில லட்சங்களும் பேசப்பட்டன. இத்தனை கணக்குகள் கையில் இருக்கும்போது, இயந்திரம் இறங்குவதற்கு முன்பே விவசாயிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதையே பேசியிருக்கலாம். அழித்துவிட்டுப் பேசியதால்தான் தருகிற பணமும் அவமானமாகத் தெரிகிறது. ஏக்கர் கணக்கில் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். நிலம் யார் பெயரில் இருந்தாலும் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள் கூலித் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். அறுவடைக் கூலியை எண்ணியிருந்த அவர்களுக்கு எந்தக் கருணைத் தொகையும் இல்லை. எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் ஏறுவதும் இல்லை. குத்தகைக்கு எடுத்து உழுதவர் நிலையும் அப்படித்தான்.

சுரங்கம் ஓர் ஊரை நெருங்கும்போது வயல் மட்டும் போவதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். ஒரு காலத்தில் துளை போட்டால் தானாகவே பீறிட்டு வந்த ஆர்ட்டீசியன் ஊற்றுகளுக்குப் பேர்போன மண் இது. இன்று சுற்றுவட்டார ஊர்களில் நூற்றுக்கணக்கான அடி போர் போட்டுத் தண்ணீரைத் தேடுகிறார்கள். நெய்வேலித் தண்ணீர் குழாய் வழியே சென்னைவரை போயிருக்கிறது. சாலைகளைப் பாருங்கள். வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகும் தேசிய நெடுஞ்சாலையின் நான்குவழிப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. அந்தக் குண்டிலும் குழியிலும்தான் சாம்பல் லாரிகளும் மண் டிப்பர்களும் ஓடின. தார்ப்பாய் சரியாக மூடாத லாரி ஒன்று போனால் பின்னால் வருகிற இருசக்கர வாகனக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் அந்த லாரிகள் நிற்பதில்லை. விரிவாக்கம் என்றால் இன்னும் லாரிகள், இன்னும் புழுதி, இன்னும் ஆழமான போர் என்று இந்த ஊர்க்காரர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். அவர்கள் சந்தேகப்படுவதற்கு யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1956-இல் நிறுவனம் தொடங்கியபோது நெய்வேலிச் சுற்றுவட்டார மக்கள் நாடு முன்னேறும் என்று நம்பித்தான் நிலம் விட்டார்கள். மாற்றுக் குடியிருப்புக்குப் போனவர்களில் பலர் இன்னும் மனைக்குப் பட்டா கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளிகளாகவே முடி நரைக்கிறார்கள். 2022-இல் 299 பட்டதாரிப் பொறியாளர்களைத் தேர்ந்தெடுத்த பட்டியலில் தமிழ்நாட்டவர் ஒருவர்கூட இல்லை என்ற புகார் எழுந்தபோது, தேர்வு அகில இந்திய அளவிலானது என்று கைகழுவினார்கள். 2015 நவம்பரில் விசூரும் பெரியகாட்டுப்பாளையமும் வெள்ளத்தில் உயிர்களைப் பறிகொடுத்தபோது, சுரங்க மண்மேடுகள் ஓடைகளின் போக்கை என்ன செய்தன என்று ஊர்மக்கள் கேட்டார்கள். ஊர் ஏற்கும்படியான பதில் இன்றுவரை வரவில்லை. 2020-இல் மே 7-ஆம் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பாடம் கற்றுக்கொண்டார்களா? இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1-ஆம் தேதி அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்து ஆறு பேர் அந்த இடத்திலேயே உயிரிழந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பயிருக்கு இரண்டு மாத அவகாசம் தர மறுத்தவர்கள், தங்கள் கொதிகலன்களைச் சரிபார்க்க அந்த இரண்டு மாதத்தைப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா?

இதில் கோட்டையில் இருப்பவர்களுக்குப் பங்கில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கிழக்கு சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று இடங்களை நிலக்கரி ஏலப் பட்டியலில் ஒன்றிய அரசு சேர்த்ததை எதிர்த்து 2023 ஏப்ரலில் சட்டமன்றமே கொந்தளித்தது. டெல்டா மண்ணை விட்டுத்தர மாட்டோம் என்று முழங்கினார்கள். பிரதமருக்குக் கடிதம் போனது. சில நாட்களில் மூன்று இடங்களும் பட்டியலிலிருந்து நீங்கின. மனதார வரவேற்றோம். 2020-ஆம் ஆண்டின் வேளாண் பாதுகாப்பு மண்டலச் சட்டம் காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், குமராட்சி, பரங்கிப்பேட்டை, மேல்புவனகிரி ஆகிய ஐந்து ஒன்றியங்களைக் காக்கும் என்று சிதம்பரம் பகுதி விவசாயிகள் நம்பினார்கள். ஏற்கெனவே நடக்கும் திட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு வைத்திருந்ததை அப்போது யாரும் உரக்கச் சொல்லவில்லை. ஏப்ரலில் விளைநிலத்துக்காகக் குரல் கொடுத்த அதே நிர்வாகம் ஜூலையில் அதே சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் போலீஸ் வண்டிகளை அனுப்பி விளைநிலத்தை அழிக்கக் காவல் நின்றது. வேட்டி மாற்றுவதுபோல நிலைப்பாட்டை மாற்றிவிட்டு விவசாயிகளின் நம்பிக்கையை எதிர்பார்க்கிறார்கள். ஜூலை 28 அன்று நெய்வேலிப் போராட்டத்தில் நடந்த கல்வீச்சை நாம் ஏற்கவில்லை, காவலர்களும் காயப்பட்டார்கள். கண்ணீர்ப்புகையும் வானத்தை நோக்கிய துப்பாக்கிச் சூடும் வரை நிலைமை போனதற்கு முதல் கல்லை எறிந்தவர் மட்டும் பொறுப்பில்லை. இரண்டு நாள் முன்பு வயலில் இயந்திரம் இறக்கியவர்களும் பொறுப்பு.

இனியாவது நிறுவனமும் மாநில அரசும் விவசாயிகளோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். நிலம் எடுப்பதற்கு ஊர் ஏற்கும் ஒரு நடைமுறையை வகுக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் நின்ற பயிர் மீது கைவைக்க மாட்டோம் என்ற உறுதி அதில் முதலாவதாக இருக்க வேண்டும். கூலித் தொழிலாளர்களும் குத்தகைதாரர்களும் அதில் இடம்பெற வேண்டும். தண்ணீருக்கும் சாலைக்கும் பொறுப்பு யார் என்பது எழுத்தில் வர வேண்டும். நிறுவனத்தின் உத்தேச மூன்றாம் சுரங்கம் பற்றிய பேச்சு அப்போதும் கிராமங்களில் ஓயவில்லை. எந்த ஊர் போகும், எந்த வயல் போகும் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்தது. அந்தப் பதிலை இயந்திரம் வரப்பில் ஏறிய பிறகு சொல்லக் கூடாது. ஒரு போகத்துக்கு நாற்றுவிடும் முன்பே சொல்ல வேண்டும்.