கிரிஃபினின் இறக்கையில் தீ

ஜப்பானின் கேப்காம் 2012இல் வெளியிட்ட ‘டிராகன்ஸ் டாக்மா’ வீடியோ கேமின் உயிர் அதன் சண்டையில்தான் இருக்கிறது. ‘டெவில் மே கிரை’ ஆட்டங்களை இயக்கிய ஹிதேயாகி இட்சுனோவின் கைவண்ணம் அது. ஒற்றைக்கண் அரக்கனின் காலைப் பற்றி மேலேறி, தெம்பு தீர்வதற்குள் கண்ணில் குத்தலாம். கிரிஃபின் என்ற பறக்கும் மிருகத்தின் இறக்கையில் தீ வைத்தால் பறக்க முடியாமல் தரையில் வந்து விழும். மற்ற பல ஆட்டங்களில் வெறும் எண்ணாகக் குறையும் எதிரி, இங்கே கைக்குச் சிக்குகிறது. இருட்டும் அசல் இருட்டு: விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் எதிரே வருவது தெரியாது. கதைதான் சோடை. டிராகன் நாயகனின் இதயத்தைப் பிடுங்கி விழுங்கும் அட்டகாசமான தொடக்கத்துக்குப் பிறகு, நெடுநேரம் எடுபிடி வேலையாகவே நகர்கிறது. இரவல் வாங்கிவரும் ‘பான்’ கூட்டாளிகள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஓயாத வாய். பூதத்துக்குத் தீ ஆகாது என்பதை ஒவ்வொரு பூதம் வரும்போதும் சொல்வார்கள். அதே சாலை, அதே வளைவு, அதே கொள்ளையர் என்று திரும்பத் திரும்ப நடக்கவைப்பது பலருக்கு எரிச்சல். உண்மையில் அந்த நடைதான் பயணத்தில் பயத்தையும் திட்டமிடலையும் கொண்டுவருகிறது. அதனாலோ என்னவோ, 2024இல் வந்த இரண்டாம் பாகமும் அதைப் பெரும்பாலும் மாற்றவில்லை. நகரத்துக்குள் நுழைந்தால் கணினி திணறியது மட்டும் அதன் சொந்தக் குறை.