எச்சரிக்கை வந்தும் இடம்மாறாத முகாம்கள்

இந்தியாவின் உத்தரகாண்ட் மாநிலத்தில், திபெத் எல்லையை அண்டியுள்ள மானா கிராமத்திற்கு அருகே 2025 பெப்ரவரி 28 ஆம் திகதி காலையில் பாரிய பனிச்சரிவு ஏற்பட்டது. எல்லை வீதிகள் அமைப்பின் முகாமில் இரும்புக் கொள்கலன்களுக்குள் தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் அதில் சிக்கிக்கொண்டனர். இராணுவத்தினரும் மீட்புப் பணியாளர்களும் மூன்று நாட்கள் தொடர்ந்து போராடியதன் பயனாக 46 பேர் உயிர் தப்பினர். எட்டுப் பேர் உயிரிழந்தனர். எல்லைக்குச் செல்லும் வீதியில் குவியும் பனியை அகற்றுவதற்காகவே இவர்கள் அங்கு நிறுத்தப்பட்டிருந்தனர்.

இந்த அனர்த்தம் முன்னறிவிப்பின்றி நேர்ந்ததல்ல. சமோலி உட்பட அம்மாநிலத்தின் மலை மாவட்டங்களில், 2,400 மீற்றருக்கு மேற்பட்ட பகுதிகளில் அடுத்த 24 மணித்தியாலங்களில் பனிச்சரிவு ஏற்படக்கூடும் என, பனிச்சரிவுகளை ஆராயும் இந்தியப் பாதுகாப்புத்துறை நிறுவனம் முதல்நாள் மாலையிலேயே எச்சரித்திருந்தது. மானா ஏறத்தாழ 3,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. மானா மக்கள் குளிர்காலம் தொடங்குமுன்னர் கிராமத்தைப் பூட்டிவிட்டுத் தாழ்வான இடங்களுக்கு இறங்கிவிடுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அயலிலுள்ள பத்ரிநாத் ஆலயமும் அக்காலத்தில் மூடப்படுகின்றது. மலையை அறிந்தவர்கள் விலகிச்செல்லும் பருவத்தில், மலையை அறியாத வெளிமாநிலக் கூலித் தொழிலாளர் பலர் அங்கு குடியமர்த்தப்பட்டிருந்தனர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

பனிச்சரிவு எவ்வாறு ஏற்படுகின்றது என்பது இன்று மர்மமான விடயமன்று. பழைய பனியின் மேல் வலுவற்ற ஒரு படை உருவாகி, அதன்மேல் புதிய பனியும் காற்று அள்ளிவந்த பனியும் பாரமாக ஏறும்போது, மேற்படை பாளமாக உடைந்து சரிகின்றது. 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளே மிக ஆபத்தானவை. கடும் பனி பொழியும்போதும் அதனையடுத்து வரும் நாளிலும் அபாயம் உச்சத்தில் இருக்கும். புதையுண்டவரைச் சுமார் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் உயிர் காக்கலாம். அரை மணித்தியாலம் கடந்துவிட்டால் மூச்சுத்திணறலால் பெரும்பான்மையினர் இறந்துவிடுகின்றனர். மானாவில் நீண்ட நேரத்தின் பின்னரும் பலர் உயிருடன் மீட்கப்பட்டமைக்கு, உருண்டு புதைந்த கொள்கலன்களுக்குள் எஞ்சியிருந்த காற்றே காரணம் எனலாம்.

ஐரோப்பிய, அமெரிக்க மலைகளில் பொழுதுபோக்கிற்காகப் பனிச்சறுக்கச் செல்வோருக்கு இவ்வறிவே பாதுகாப்பு விதிகளாகக் கற்பிக்கப்படுகின்றது. ஐந்து படிகள் கொண்ட அபாய அறிவிப்பை அவர்கள் காலையில் படிக்கின்றனர். சமிக்ஞைக் கருவி, துளாவும் கோல், மண்வெட்டி ஆகியவற்றுடன் புறப்படுகின்றனர். ஆபத்தான சரிவை ஒருவர்பின் ஒருவராகவே கடக்கின்றனர். இவை யாவற்றிலும் மேலான விதி, ஐயம் ஏற்பட்டால் திரும்பிவிடுவதாகும். அங்கும் மரணங்கள் நிகழ்கின்றன. அவ்வாறு இறப்போரில் பெரும்பாலானோர் தாமோ தம் குழுவினரோ தூண்டிய சரிவிலேயே சிக்குகின்றனர். எனினும் போவதா, திரும்புவதா என்ற முடிவு அவர்களுடையது. நாட்கூலிக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கோ, எல்லைக் காவலில் நிறுத்தப்படும் சிப்பாய்க்கோ அந்த உரிமை இல்லை. எச்சரிக்கையைப் படித்தாலும் அவரால் முகாமை விட்டு நகர முடியாது.

இதே சமோலி மாவட்டத்தின் நீதிப் பள்ளத்தாக்கில், சும்னா என்ற இடத்தில் 2021 ஏப்ரலில் இதே அமைப்பின் முகாம் பனிச்சரிவிற்குள்ளானது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டபோதிலும் பத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நான்கு ஆண்டுகளுக்குள் அதே மாவட்டத்தில், அதே வகைத் தொழிலாளர்கள் மீண்டும் பலியானமையை விதியென்று ஒதுக்கிவிட முடியுமா?

எல்லை வீதிகளைத் திறந்து வைத்திருப்பது இந்தியாவின் பாதுகாப்புத் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓரிரு நாட்கள் வீதி மூடப்பட்டிருப்பதால் ஏற்படும் இழப்பும் எட்டு உயிர்களின் இழப்பும் ஒன்றாகிவிடாது. ஒஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் 1999 பெப்ரவரியில் 31 பேர் பனிச்சரிவில் இறந்தபோது, பாதுகாப்பானதெனக் கருதப்பட்ட பகுதிக்குள்ளும் பனி புகுந்தது. அதன் பின்னர் அந்நாடு அபாய வலயங்களை மீள வரையறுத்ததுடன் தடுப்பு மதில்களையும் அமைத்தது. இமயமலை முகாம்களுக்கும் இத்தகைய வலய வரைபடம் தேவை. அதைவிட முக்கியமாக, குறித்த அளவிற்கு மேற்பட்ட எச்சரிக்கை விடுக்கப்பட்டால் முகாமைக் காலிசெய்தே ஆகவேண்டும் என்ற கட்டாய விதியும், அதனை மீறும் அதிகாரி பொறுப்புக்கூறும் ஏற்பாடும் வேண்டும்.

பனி பெய்யாத நம் நாட்டிற்கும் இந்தப் பாடம் புதியதன்று. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி தோட்டத் தொழிலாளரின் லயன்களை மண்சரிவு மூடியது. அங்கும் 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் மலைச்சரிவில் இருந்தனர். அபாயத்தை அறிவிப்பதுடன் அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. தாமாக விலகிச்செல்ல வழியற்றவர்களை உரிய வேளையில் அப்புறப்படுத்தும்போதே அந்த அறிவிப்பிற்குப் பொருள் உண்டாகும்.