கடலுக்குள்ளே காலை ஊன்றாதீர்கள்!

எங்கள் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் இருக்கும் தம்பி கோடை விடுமுறைக்குத் தாய்லாந்து போய்விட்டு வந்தார். முதுகில் ஒரே ஒரு பை. தங்கியது எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில். சாப்பாடு தெருவோரக் கடையில். ‘பேக்பேக்கிங் சார், செலவே கிடையாது’ என்றார். நல்ல விஷயம். பட்டுப்புடவை எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் மட்டுமே ஊர் விட்டு ஊர் போன நம் ஜனங்கள், சும்மா உலகத்தைப் பார்க்கக் கிளம்பியிருப்பது எனக்குச் சந்தோஷம்தான்.

லிஃப்ட் வாசலில் நிறுத்தி, மொபைலில் படம் காட்டினார். கண்ணாடி மாதிரி கடல். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். வலது கையில் ஒரு நட்சத்திர மீன். இடது கையில் பிரெட் துண்டு. சுற்றிலும் நூறு மீன்கள்.

‘எதுமேல நிக்கிறீங்க தம்பி?’ என்று கேட்டேன்.

‘பாறை சார்.’

வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது பாறை இல்லை. பவளப்பாறை என்று பெயர் வைத்தது நம்முடைய தப்பு. பாறை என்று சொன்னால் மிதிக்கலாம் என்றுதானே தோன்றும்? மேலே தோலாகப் படர்ந்திருப்பது உயிர். கடுகு அளவிலும் மிளகு அளவிலும் இருக்கும் ஆயிரக்கணக்கான பிராணிகள் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டிய வீடு அது. குண்டு குண்டாக இருக்கும் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தம்பி நின்ற இடம் நம் தாத்தா காலத்தில் வளர ஆரம்பித்ததாக இருக்கலாம். அவர் நின்றது ஒரு நிமிஷம். போட்டோ நன்றாக வரவில்லை என்று இன்னொரு நிமிஷம்.

நட்சத்திர மீனுக்கு நுரையீரல் கிடையாது. தண்ணீரில் இருந்துதான் பிராணவாயு எடுக்கும். அதை வெளியே தூக்கிப் பிடிப்பதும் நம் தலையைத் தண்ணீரில் அமுக்குவதும் ஒன்றுதான். பிரெட்டும் அன்னதானம் இல்லை. கிளி மீன் போன்றவை பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்கின்றன. அப்படிச் சுரண்டும்போது சுண்ணாம்பையும் சேர்த்து அரைத்து மணலாக வெளியேற்றுகின்றன. ஒரு பெரிய கிளி மீன் ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். நாம் படுத்துப் புரளும் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த மீன்களின் கழிவுதான். மைதா கிடைக்கிறது என்று படகுச் சத்தம் கேட்டு ஓடிவரப் பழகிய மீன், பாசியை எதற்கு மேயும்? பாசி மூடினால் பவளம் மூச்சுத் திணறிச் சாகும்.

தம்பியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. அவர் கையில் பிரெட்டைக் கொடுத்தது படகுக்காரர். ‘இங்கே நில்லுங்க, ஃபோட்டோ சூப்பரா வரும்’ என்று காட்டியதும் அவரேதான். ஐம்பது பேரை நாலு மணி நேரத்தில் நாலு தீவு காட்டிக் கூட்டி வந்தால்தான் கட்டுப்படியாகும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது டூர் கம்பெனி. ஆகக் குறைந்த ரேட்டுக்குத்தான் வருவேன் என்று அடம் பிடித்தது நாம். இந்தச் சங்கிலியில் எல்லோருக்கும் காரணம் இருக்கிறது. வாய் இல்லாதது கடலுக்கு மட்டும்தான்.

தாய்லாந்தின் ஃபி ஃபி லே தீவில் மாயா பே என்று ஒரு சின்ன வளைகுடா. மூன்று பக்கமும் சுண்ணாம்புக்கல் மலை, நடுவே வெள்ளை மணல். லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த ‘தி பீச்’ படத்தை 1999-ல் இங்கே எடுத்தார்கள். யாருக்கும் தெரியாத ஒரு கடற்கரையை முதுகுப் பைப் பயணிகள் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வதும், கடைசியில் அவர்களே அதைக் கெடுப்பதும்தான் கதை. படம் பிடிக்க மணல்மேட்டை இடித்துச் சமன் செய்தார்கள். அழகு போதவில்லை என்று தென்னை மரம் நட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு 2022 வரை இழுத்தது. கடைசியில் படக் கம்பெனி 1 கோடி பாட் தர உடன்பட்டது.

படம் செய்த சேதத்தைவிட, படம் பார்த்தவர்கள் செய்த சேதம் பெரிது. ஒரு நாளைக்கு 5,000 பேர் வரையில் வந்தார்கள். ஏறக்குறைய 200 படகுகள். கரையிலேயே நங்கூரம் போட்டன. நங்கூரத்துக்கு அடியில் பவளம். காற்றாடி கிளப்பிய மணலுக்கு அடியில் பவளம். ஜனங்களின் காலுக்கு அடியில் பவளம். பெரும்பகுதி செத்தே போனது.

2018 ஜூன் மாதம் தாய்லாந்து அரசு வளைகுடாவை இழுத்து மூடியது. முதலில் நாலு மாதம் என்றார்கள். போதாது என்று தெரிந்ததும் நீட்டினார்கள். 2022 ஜனவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் விஞ்ஞானிகளும் ஊர்க்காரர்களும் பவளத் துண்டுகளை வளர்த்து, ஒவ்வொன்றாக நட்டார்கள். கூப்பிடாமலே வந்த விருந்தாளியும் உண்டு. துடுப்பு நுனி கறுப்பாக இருக்கும் சுறா. ஐந்தடி நீளம், பயந்த சுபாவம், மனிதனைக் கண்டால் ஒதுங்கிப்போகும். மூடிய சில மாதங்களிலேயே அது திரும்பி வந்தது. கரையோரம் முழங்கால் தண்ணீரில் டஜன் கணக்கில் குட்டிகள் திரிந்தன. மனிதன் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் சில சமயம் மனிதன் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம்.

மறுபடி திறந்தபோது படகு வளைகுடாவுக்குள்ளே வரக்கூடாது, தீவின் பின்பக்கம் நிறுத்திவிட்டு நடந்துதான் வரவேண்டும் என்றார்கள். ஒரு நேரத்தில் சில நூறு பேருக்கு மேல் அனுமதி இல்லை. நீச்சல் கூடாது. வருடா வருடம் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள். இதனால் அந்த ஊர் பட்டினி கிடக்கவில்லை. டிக்கெட் வாங்க இன்றும் கூட்டம் நிற்கிறது.

நான் இப்படிப் பேசினால் உடனே மூன்று கேள்வி வரும்.

முதல் கேள்வி: படகுக்காரர் வயிற்றில் அடிக்கலாமா? அடிக்கக் கூடாது. கறிக்கோழி வளர்க்கிறவருக்கும் முட்டைக்கோழி வளர்க்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. பவளம் செத்த கடலுக்கு எந்த வெள்ளைக்காரனும் வரமாட்டான், எந்தச் சென்னைக்காரனும் வரமாட்டான். அப்போது முதலில் வயிறு காய்வது படகுக்காரருக்குத்தான். டூர் கம்பெனி அடுத்த தீவுக்குப் போய்விடும். அவருக்குப் போக வேறு கடல் இல்லை. மூடும் மாதங்களில் அவருக்குச் சம்பளம் கொடுப்பது அரசின் கடமை. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நம்மிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் இருந்து.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. பூமியே சூடாகிக் கடல் வெந்துகொண்டிருக்கிறது, என் ஒரு காலால் என்ன ஆகப்போகிறது? கேட்பவர் சொல்வதில் பாதி உண்மை. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும், பவளம் தனக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசியை வெளியே துரத்திவிடும். நிறம் போய் எலும்பு மாதிரி வெளுக்கும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998, 2010, அப்புறம் 2014 முதல் 2017 வரை என்று உலகம் முழுக்க இது நடந்தது. நான்காவது முறை 2023-ல் ஆரம்பித்தது. உலகப் பவளத்திட்டுகளில் 84 சதவிகிதப் பரப்பு அந்தச் சூட்டில் சிக்கியதாக 2025-ல் கணக்குச் சொன்னார்கள். இதற்கு முன்னால் என் காலும் உங்கள் சன் ஸ்க்ரீனும் தூசு.

ஆனால், ஜுரத்தில் படுத்திருப்பவனை யாராவது மிதிப்பார்களா? ‘சாவதற்கு ஜுரம்தான் காரணம், என் உதை இல்லை’ என்று வாதாடலாம். ஆனால் ஜுரத்தில் இருந்து அவன் எழுந்திருக்கும் வாய்ப்பு உதையால் குறையும். அந்தமான் கடல் அதிகம் சுடுவது ஏப்ரல், மே மாதங்களில். நம் பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். பவளம் ஜுரத்தில் இருக்கும் நேரம் பார்த்து நாம் குடும்பத்தோடு போய் அதன்மேல் ஏறி நிற்கிறோம். 2010-ல் கடல் வெளுத்தபோது, மறுவருட ஆரம்பத்தில் தாய்லாந்து பல முக்குளிப்புத் தளங்களை மூடியது. பவளத்தைக் கெடுக்கும் ரசாயனம் உள்ள சன் ஸ்க்ரீனை 2021-ல் தேசியக் கடல் பூங்காக்களில் தடை செய்தது. அபராதம் 1 லட்சம் பாட் வரை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. முழுக்கைச் சட்டை.

மூன்றாவது கேள்வி: காசு கொடுத்திருக்கிறேன், எனக்கு உரிமை இல்லையா? இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அதே தாய்லாந்தில் சுரின் தீவுகள் என்று ஒரு பவளக் கூட்டம். மோக்கன் என்ற கடல்வாசிகளின் இடம். அந்தக் குழந்தைகள் கண்ணாடி இல்லாமலே தண்ணீருக்கடியில் துல்லியமாகப் பார்க்கும். ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு என்று 2003-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2004 சுனாமியில் கடல் உள்வாங்கியதுமே, தாத்தா பாட்டி சொன்ன கதையை ஞாபகம் வைத்து மேட்டுக்கு ஓடிப் பிழைத்தவர்கள் அவர்கள். 1981-ல் அங்கே தேசியப் பூங்கா வந்தது. படகு செய்யப் பெரிய மரம் வெட்டக்கூடாது, விற்பதற்குக் கடல் அட்டை எடுக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சட்டம் வந்தது. ஆயிரம் ஆயிரமாய் ஸ்நார்க்கலிங் பயணிகளுக்கு வரவேற்பும் வந்தது. கடலின் சொந்தக்காரர் இன்று அந்தப் பயணிகளின் படகை ஓட்டுகிறார்.

நமக்கும் இந்தக் கதை புதிதில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை டன் கணக்கில் வெட்டி எடுத்தோம். இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. தீவுப் பக்கம் வந்தால் வனத்துறை பிடிக்கும் என்ற பயத்தோடு கடலில் இறங்குகிறவர்கள் யார்? பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள். விரலில் துணி சுற்றி, புடவைமேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி எடுப்பார்கள். ஸ்நார்க்கலிங் என்ற பெயர்கூட அவர்கள் செய்வதற்குக் கிடையாது. மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் இறங்குவதில்லை, இரும்பால் சுரண்டுவதில்லை என்று அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்தார்கள். அதில் முன்நின்ற சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள்.

பசிக்காகக் கடலில் இறங்குகிறவள் தானே விதி போட்டுக்கொள்கிறாள். பொழுதுபோக்குக்காக இறங்குகிற நாம் ‘காசு கொடுத்தேனே’ என்கிறோம். கடலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கும் மேஜையில் முதல் நாற்காலி அவளுக்குப் போடப்பட வேண்டும். டூரிஸத்தால் இயற்கை வாழும் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள், அந்த நாற்காலி காலியாக இருப்பதை முதலில் பார்க்கட்டும்.

அரசாங்கங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. பவளம் இருக்கும் இடத்தில் நங்கூரத்துக்குப் பதில் மிதவை கட்டுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வையுங்கள். கடல் சுடும்போது மூடுங்கள். மீனுக்கு பிரெட் கொடுக்கும் படகின் லைசென்ஸைப் பிடுங்குங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நிறையப் பேர் பவளத்தின்மேல் காலை ஊன்றுவது கெட்ட எண்ணத்தில் இல்லை, பயத்தில். மிதக்கத் தெரியாது. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்ததும் பதறிக் காலைத் தேடுகிறார்கள், கிடைப்பது பவளம். லைஃப் ஜாக்கெட் போட்டவர் நிமிர்ந்து நின்ற வாக்கில் உதைக்கிறார். ஃப்ளைட் டிக்கெட்டுக்கு அலைவதில் பத்தில் ஒரு பங்கு நேரம், உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் செலவழியுங்கள். குழாயைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, பத்து நிமிஷம் அசையாமல் மிதக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடலுக்குப் போங்கள். முடியாவிட்டால் கரையில் உட்காருங்கள். கரையில் இருந்தும் கடல் அழகுதான்.

தம்பியிடம் இவ்வளவையும் லிஃப்ட் வாசலில் சொன்னேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், ‘அப்போ அந்தப் படத்தை டெலீட் பண்ணிடட்டுமா சார்?’ என்றார்.

‘வேண்டாம். அடுத்து யாராவது கேட்டால், நிற்பது பாறை இல்லை என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள்’ என்றேன்.

அடுத்த வருடம் அந்தமானாம். போன வாரத்தில் இருந்து மாநகராட்சி நீச்சல் குளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.