யார் தட்டையும் எட்டிப் பார்க்க மாட்டோம்

மண்ணையும் தண்ணீரையும் பாழாக்காத உணவைப் பற்றி ஊர் முழுக்கப் பேச வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டு ஒருவர்கூடத் தன் சாப்பாட்டின் முன் கூனிக் குறுகக் கூடாது. இந்த இரண்டுக்கும் சேர்த்தே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் தவறு

சிறுதானியப் பிரசாரத்துக்கு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். நூறு நாள் வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பிய அக்கா ஒருவர் எங்களை உட்கார வைத்துச் சோறு போட்டார். ரேஷன் அரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. எங்களில் ஒருவர், "இந்த அரிசியெல்லாம் விஷம்க்கா, வரகு சாமைக்கு மாறுங்க" என்றார். அக்கா பானையை மூடினார். "இருக்கிறதத்தானே தம்பி போட முடியும்" என்றார். பசியறிந்து சோறிட்டவரை மன்னிப்புக் கேட்கும் நிலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம். அதற்கு வெட்கப்படுகிறோம்.

அந்தத் தட்டுக்கு அரிசி வந்த வழி

கம்பும் சோளமும் கேழ்வரகும் அன்றாட உணவாக இருந்த மானாவாரி ஊர்களில் நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல்தான். கூழ் குடித்தவர்களை ஊர் இளக்காரமாகப் பார்த்தது. 1966இல் ஐ.ஆர்.8 என்ற புது நெல் ரகம் வந்தது. பாசனம், உரம், கொள்முதல் எல்லாம் நெல்லின் பக்கம் சாய்ந்தன. 2011 முதல் அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அது பல வீடுகளின் பசியைத் தீர்த்தது. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இன்னொரு பக்கம், வரகின் உமி அடுக்கடுக்கானது, கெட்டியானது. அதை நீக்க ஊரில் மில் இல்லை, உரலும் உலக்கையும்தான். இடித்தவர்கள் பெண்கள். அவர்கள் உலக்கையைக் கீழே வைத்தது நியாயம். ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023இல் அதே வரகும் சாமையும் நகரத்துக் கடைகளில் சாதாரண அரிசியைவிட விலை கூடிய பாக்கெட்டுகளாக இருந்தன. கூழ் குடித்ததற்குப் பாட்டியை இகழ்ந்தது ஊர்; அரிசிச் சோறு தின்பதற்குப் பேத்தியை இகழ்ந்தோம் நாங்கள்.

தட்டின் பின்னால் சாதி

நம் ஊரில் தட்டை எட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் ஆளைத்தான் அளக்கிறார். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துத் தமிழகமே கொதித்தது. நூறு வருஷம் ஆகியும், "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாடகை வீட்டை மறுக்கிறார்கள். இத்தனைக்கும், 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். சுற்றுச்சூழலின் பெயரால் பேசும் நாம் அந்தப் பழைய அளவுகோலைப் புதுச் சாயம் பூசிக் கையில் எடுத்துவிடக் கூடாது.

எங்கள் கொள்கைகள்

1. தட்டைப் பற்றிப் பேச மாட்டோம். வயல், கிணறு, மில், ரேஷன் கடை, விலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். தட்டில் என்ன விழும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

2. "சுத்தம்", "உயர்ந்தது", "தீட்டு" என்ற சொற்களை உணவோடு சேர்க்க மாட்டோம். மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனில் கறி தின்பவருக்கு மட்டுமல்ல, பாலும் நெய்யும் உண்பவருக்கும் பங்குண்டு. தண்ணீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. வெயிலில் காயும் நெத்திலிக் கருவாட்டுக்கு ஐஸும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். கணக்கு என்று வந்தால் எல்லாருடைய கணக்கையும் பார்ப்போம்.

3. உண்மையை மறைக்க மாட்டோம். இகழாமல் இருப்பது வாயை மூடிக்கொள்வது ஆகாது. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறைவு. இதை உழவரிடம் சொல்வோம். அவர் சொல்லும் சிரமத்தையும் கேட்போம்.

4. ஓர் உணவைப் பரிந்துரைக்கும்போது அதன் விலையையும், சமைக்க ஆகும் நேரத்தையும், அந்த வேலை யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

5. சொல்லும் முன் கேட்போம். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையதாகக் குடிக்கும் வீட்டுக்கு, உணவை வீணாக்காதே என்று பாடம் நடத்தத் தேவையில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எச்சில் இலையோடு குப்பைக்குப் போகும் இனிப்பிலிருந்து திருத்தத்தைத் தொடங்குவோம்.

6. குழந்தையின் சத்துணவு முட்டைக்கு எதிராக எந்தப் பெயராலும் பேச மாட்டோம்.

எங்கள் கோரிக்கைகள்

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். விரும்புகிறவர்களுக்கு எல்லா மாவட்டங்களிலும் அது கிடைக்க வேண்டும். சிறுதானியம் விளையும் ஊர்களில் மகளிர் குழுக்கள் நடத்தும் உமி நீக்கும் மில்கள் வேண்டும். நெல்லைப் போலச் சாமைக்கும் வரகுக்கும் நிச்சயமான கொள்முதல் வேண்டும்.

அழைப்பு

சைவர், அசைவர், மாட்டுக்கறி உண்பவர், ரேஷன் அரிசி பொங்குபவர், பாரம்பரிய நெல் விதைப்பவர் எல்லாரும் வாருங்கள். இந்தப் பந்தியில் தனி வரிசை கிடையாது.

எங்கள் முதல் வேலை அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போவது. அவர் போடும் சோற்றை வயிறாரச் சாப்பிடுவோம். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்போம். பிறகு, "உமி நீக்குற மில்லு வந்தா உங்க ஊர்ல எங்கக்கா வைக்கலாம்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்வோம்.