கரையும் அதனைத் தாங்கும் மண்ணும்

கண்மாய்க் கரையை உயர்த்திவிட்டால் ஊர் காக்கப்பட்டதென எண்ணுவார் பலர். கரையின் உயரத்தை அளப்போர், அஃது எம்மண்மீது நிற்கின்றதென வினவுவதில்லை. இது பெருங்குறையென்பது எமது துணிபு.

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கூர்ஜர தேசத்துக் கட்ச் பகுதியை உலுக்கிய பூகம்பத்தை நோக்குக. சாங் என்னும் அணையின் மண்கரை உருக்குலைந்து அமிழ்ந்தது. தாபர், சுவி, காஸ்வதி அணைகளில் நீர்ப்புறச் சரிவுகளே பெரிதும் நழுவின. மழை பொய்த்தமையால் தேக்கங்களில் அப்பொழுது நீர் குறைவு. இன்றேல் வெள்ளமும் சேர்ந்திருக்கும். நீர் குறைந்தும் கரை குலைந்ததேன்? அடியிலிருந்தது ஈரம் ஊறிய தளர்ந்த வண்டல். நிலம் குலுங்குங்கால் மணல்மணிகள் நெருங்க முயலும், இடைப்பட்ட நீரோ வெளியேற வழியின்றி அழுத்தமுறும், மணிகள் ஒன்றையொன்று பற்றுதல் விடும், மண் கூழாகும். பரற்கல் மிக்க நிலம் நீரை விரைந்து போக்கும். பசைமிக்க களிமண் எளிதிற் கூழாகாது. ஒரே கரையின்கீழ் இவை மாறிமாறி அமையின், ஒருபால் அமிழ, மறுபால் நிற்க, இடையே கரை குறுக்காகப் பிளக்கும்.

கூர்ஜரம் சேய்மைத்தென்று தள்ளுவாரும் உளர். மதுரையிற் கொடிய நடுக்கம் அரிதென்பது மெய்யே. ஆயினும் நாகமலையடியிற் பாறை. சற்றே அகன்றால் வையை கொணர்ந்த வண்டல். கரை திருத்துவோர் அதன் நீளம் முழுதும் ஆங்காங்கே துளையிட்டு அடிமண்ணைச் சோதித்தல் வேண்டும். வையையை அடுத்த கண்மாய்களில் முதற்கண் அதனைத் தொடங்கலாம்.