திண்டிவனம் டு விழுப்புரம்: சுவரில் எழுதினால் கலையா, குற்றமா?

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகிற பஸ் பைபாஸை விட்டு ஊருக்குள் இறங்கியதும் சுவர்கள் பேச ஆரம்பித்துவிடும். சிமென்ட், பம்புசெட், பனியன், நர்சரி பள்ளி, தலைவர் பிறந்தநாள், மாநாட்டு அழைப்பு, பக்கத்திலேயே 'விளம்பரம் செய்யாதீர்'. திண்டிவனத்தில் ரோடு பிரிகிறது. ஒன்று புதுச்சேரிக்கு, ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு, இன்னொன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு. விழுப்புரம் போகிற சுமார் 40 கிலோமீட்டரில் ஒரு சின்ன சுவர் கண்காட்சியே இருக்கிறது. யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

டெல்லி லோதி காலனிக்குப் போனால் சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம். புதுச்சேரி ஒயிட் டவுனிலும் அப்படித்தான். திண்டிவனத்தில் சுவரெழுத்தைப் பார்த்தால் 'ஊரே அசிங்கமா இருக்கு' என்கிறோம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எது கலை, எது அசிங்கம் என்று முடிவு செய்வது யார்? சுவரில் எழுதிப் பிழைப்பவர்களின் வேலையும், தெருவில் நடக்கிறவர்களின் நிம்மதியும் இந்தக் கேள்வியோடு சேர்ந்தே இருக்கின்றன.

நம்ம ஊர் சுவரில் என்னென்ன இருக்கு?

நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கட்சி. இரண்டாவது, கம்பெனி விளம்பரம். மூன்றாவது, அரசு: தூய்மை, பிளாஸ்டிக் ஒழிப்பு, ரயில் பெட்டி போல வண்ணம் பூசிய பள்ளிக் கட்டடம். நான்காவது, யாரையும் கேட்காமல் எழுதியது: காதலர்களின் பெயர், சாதிச் சின்னம், கோபத்தில் கிறுக்கிய ஒரு வரி. ஆங்கிலத்தில் 'கிராஃபிட்டி' என்று சொல்வது பெரும்பாலும் இந்த நான்காவதைத்தான்.

விழுப்புரம் பக்கம் முதல் வகைதான் அதிகம். அரசியல் செய்தியைப் பேப்பரில் படிப்பதற்கு முன் சுவரில் படித்துவிடலாம். 2019 மக்களவைத் தேர்தலில் விழுப்புரம் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளர் ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தார். 2024-ல் அதே வேட்பாளர், அதே தொகுதி, ஆனால் சின்னம் பானை. பெயரைப் பழையபடி எழுதலாம். சின்னத்தைப் புதிதாகத்தான் வரைய வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தல், அக்டோபர் 27-ல் விக்கிரவாண்டி வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு. இந்த ரோட்டோரச் சுவர்களுக்கு ஓய்வு கிடைப்பது அபூர்வம்.

ஒரு சுவர் எப்படி எழுதப்படுகிறது?

முதல் வேலை இடம் பிடிப்பது. கட்சிக்காரர்கள் வந்து ஓரத்தில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதி 'ரிசர்வ்டு' போட்டுவிடுவார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி. வீட்டுக்காரரைக் கேட்டார்களா என்பது பல சமயம் வீட்டுக்காரருக்கே தெரியாது.

பிறகு சுண்ணாம்பு அல்லது வெள்ளை பெயின்ட் அடித்துப் பழையதை மறைப்பார்கள். காய்ந்ததும் நீலத்தில் தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவே எழுத்தின் வெளிவரியைப் பெரியவர் போடுவார், உள்ளே வண்ணம் நிரப்புவது உதவியாளர் வேலை. கடைசியில் எழுத்து சுவரைவிட்டு வெளியே துருத்தி நிற்கிற மாதிரி நிழல் போடுவார்கள். பத்தடி உயர 'ழ'வை ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்கிற மாதிரி எழுதுவது லேசான காரியம் இல்லை. கம்ப்யூட்டர் ஃபான்ட்டில் கிடைக்காத தமிழ் எழுத்து வடிவங்கள் இந்தக் கைகளில்தான் இருக்கின்றன.

கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. காலையில் ஒரு கட்சியின் சின்னம், மாலையில் எதிர்க்கட்சியின் சின்னம் என்று வரைகிறவர்களும் உண்டு. சுவரின் மூலையில் சின்னதாக ஏதோ ஓர் 'ஆர்ட்ஸ்' பெயரும் போன் நம்பரும் இருக்கும். கையெழுத்தும் அதுதான், விசிட்டிங் கார்டும் அதுதான்.

ஃப்ளெக்ஸ் வந்ததும் என்ன ஆச்சு?

2000-க்குப் பிறகு டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் பேனர் பரவியது. ஒரு வாரம் வரைய வேண்டிய படத்தை மெஷின் சில மணி நேரத்தில் அடித்துத் தந்துவிடும். சினிமா பேனரும் கட்அவுட்டும் வரைந்தவர்கள் முதலில் வேலையை இழந்தார்கள். சுவர் எழுதுகிறவர்களின் கையில் மிச்சம் இருந்தது சுவர் மட்டும்தான். பள்ளிக்கூட போர்டு, கோயில் வேலை, வண்டி நம்பர் பிளேட் என்று பலர் திரும்பிவிட்டார்கள்.

ஃப்ளெக்ஸின் ஆபத்து வேறு விதம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததில் ஸ்கூட்டரில் போன இளம் சாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஒருவர் தடுமாறி லாரியில் சிக்கி இறந்தார். 2021 ஆகஸ்ட்டில் விழுப்புரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காகக் கட்சிக் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். சுவரில் எழுதிய எழுத்து யார் தலையிலும் விழாது. இருந்தும், கட்சி விளம்பரம் என்றாலே எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுது?

பொது இடங்களின் அழகைச் சீர்குலைப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் பிறர் பார்வையில் படுகிற சுவரில் விளம்பரம் எழுதுவதும் ஒட்டுவதும் அதன்படி குற்றம். தேர்தல் நடத்தை விதிகளும், தனியார் சுவரைச் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்கின்றன. 2006 சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் கமிஷன் இதைக் கண்டிப்பாக அமல்படுத்தியபோது, தமிழ்நாட்டு நகரங்களின் சுவர்கள் வெள்ளையாக நின்றதைப் பலர் ஆச்சரியத்தோடு பார்த்தார்கள். வேட்பாளருக்காக எழுதும் சுவரின் செலவு அவர் கணக்கில் சேரும் என்பதும் விதிதான்.

செஞ்சிக் கோட்டை மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே சுவரைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஜூலையில் செஞ்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் சாவியால் இதயம் கீறி நடுவில் அம்பு விடுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கீறலை அழிக்க முடியாது. சுண்ணாம்புச் சுவரில் எழுதியதை அடுத்த வெள்ளையடிப்பு மறைத்துவிடும், கோட்டைக் கல்லில் கீறியதை எது மறைக்கும்?

தாரும் ஒரு சுவரெழுத்துதானா?

சொந்தக்காரரைக் கேட்காமல் எழுதுவது எல்லாமே தப்பா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1952 ஆகஸ்ட் 1 அன்று ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டம் தமிழ்நாட்டில் நடந்தது. 2025 பிப்ரவரியில் மும்மொழிக் கொள்கை சர்ச்சை கிளம்பியபோது பொள்ளாச்சி, பாளையங்கோட்டை நிலையங்களில் அதே தார் மறுபடி வந்தது. ரயில்வே சட்டத்தின் 166-வது பிரிவு இதற்கு ஒரு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது.

சட்டப்படி குற்றம்தான். ஆனால் தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றை இந்தத் தார் டப்பா இல்லாமல் எழுத முடியாது. ரேடியோவும் பத்திரிகையும் கையில் இல்லாதவர்களுக்குச் சுவரும் பலகையும்தான் மேடை. பெர்லின் சுவரின் மேற்குப் பக்கம் முழுக்கக் கிறுக்கல்களால் நிறைந்ததும் இப்படித்தான். தண்டனையை ஏற்கத் தயாராக, யார் செய்தது என்று தெரியும்படி செய்கிற எதிர்ப்பு ஒன்று. ராத்திரி வந்து பயமுறுத்திவிட்டுப் போகிற எழுத்து வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடக் கூடாது.

இரண்டாவது வகை நம் வட மாவட்டங்களுக்குப் புதிதல்ல. எந்தத் தெருமுனையில் எந்த நிறம் என்பது சில ஊர்களில் வெறும் ரசனை கிடையாது. 'இந்த எல்லைக்கு மேல் நீ வராதே' என்பதை வார்த்தை இல்லாமல் சொல்கிற வழி அது. 2013 ஏப்ரலில் திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மரக்காணத்தில் தலித் குடும்பங்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. சுவரெழுத்துதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட பதற்றம் உள்ள பகுதியில், மின்கம்பத்திலும் குடிநீர்த் தொட்டியிலும் சாதி அடையாளம் வரைய விடுவது பொதுச் சொத்தை ஒரு தரப்புக்கு எழுதிக் கொடுப்பதுதான். 'அசிங்கம்' என்று முதலில் அழிக்க வேண்டியது இதை. நடப்பது என்னவோ, பெரும்பாலும் தேர்தல் தேதி அறிவித்த பிறகுதான் அதிகாரிகள் சுண்ணாம்பு வாளியைத் தேடுகிறார்கள்.

பெருநகரம் என்ன செய்தது?

2010 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைக் கிழித்துவிட்டுத் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளை வரைய வைத்தது. ஃப்ளெக்ஸால் வேலை இழந்த பேனர் ஓவியர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு ஏஷியன் பெயின்ட்ஸ் ஆதரவோடு ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை உருவாக்கியது. சென்னையின் ஏ-கில் உள்ளிட்ட ஓவியர்கள் வரைந்தார்கள். நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வாழும் இடம் அது. அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் கேமராவோடு வந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஓவியம் வந்ததால் குடிநீர் வரவில்லை, வேலை பக்கத்தில் வந்துவிடவில்லை என்ற கேள்வியும் நியாயமானது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984-ல் சுவர்க் கிறுக்கலை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கியது. கிறுக்கிய இளைஞர்களையே கூப்பிட்டு வரைய வைத்தார்கள். அது வளர்ந்து இன்று அந்த நகரம் சுவரோவியங்களுக்குப் பேர் போன ஊராகிவிட்டது. எதை வரைவது என்று அந்தந்தத் தெருக்காரர்களிடம் பேசுவது அங்கே வேலையின் ஒரு பகுதி.

நம்ம ஊருக்கு என்ன வேணும்?

கண்ணகி நகரை விழுப்புரத்துக்குக் காப்பியடிக்க வேண்டிய அவசியமில்லை. இந்த மாவட்டத்துக்குச் சொந்தமாகவே நீண்ட சித்திர வரலாறு உண்டு. கீழ்வாலையிலும் செஞ்சி பக்கம் செத்தவரையிலும் பாறைகளில் பழங்கால மனிதர் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் குடைவரைக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு பொறித்த மகேந்திரவர்மனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்றே ஒரு பட்டம். பனமலை தாளகிரீஸ்வரர் கோயிலில் பல்லவர் கால உமையின் ஓவியம் இன்னும் மிச்சமிருக்கிறது. பக்கத்துப் பள்ளிச் சுவரில் கார்ட்டூன் பொம்மை வரைகிறோம், இவற்றில் ஒன்றைக்கூட வரைவதில்லை.

விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகள் பெரிய செலவில்லாமல் நான்கு காரியம் செய்யலாம்.

ஒன்று, எழுதக்கூடிய சுவர்கள், எழுதக்கூடாத சுவர்கள் என்று ஒரு பட்டியலை வார்டு வாரியாக வெளியிடலாம். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், நகராட்சிச் சுற்றுச்சுவர் ஆகியவற்றில் சிலவற்றை உள்ளூர் ஓவியர்களுக்கு ஒதுக்கலாம்.

இரண்டு, அரசு விழிப்புணர்வு வாசகங்களுக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சுவர் எழுதுபவர்களுக்குக் கூலியாகக் கொடுக்கலாம்.

மூன்று, தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்க அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று சொல்லலாம். எத்தனை மாதம், யார் திரும்ப வெள்ளையடிப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். சாதி அடையாளங்களை வருடம் முழுக்க அழிக்க வேண்டும்.

நான்கு, வரைந்தவர் பெயர் சுவரில் இருக்க வேண்டும். இது தயவு கிடையாது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பை விற்ற பிறகும் அது தன்னுடையது என்று சொல்லவும் அது சிதைக்கப்பட்டால் கேள்வி கேட்கவும் கலைஞருக்கு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து தன் சுவர்ச் சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டதற்காகச் சிற்பி அமர்நாத் செகல் வழக்குப் போட்டு, 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வாங்கினார். நியூயார்க்கில் '5 பாயின்ட்ஸ்' கட்டடத்தின் ஓவியங்களை உரிமையாளர் ராவோடு ராவாக வெள்ளையடித்ததற்கு, 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலர் தர 2018-ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் சுவருக்கு இதெல்லாம் பொருந்தாமல் போகலாம். பள்ளிச் சுவரில் சொந்தக் கற்பனையில் வரைந்தவருக்குப் பொருந்தும்.

நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை புதுக் கடைக்கோ, வீட்டு விசேஷத்துக்கோ, கிளினிக்குக்கோ போர்டு வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்புவதற்கு முன், ஊர்ச் சுவரின் மூலையில் இருக்கிற அந்த போன் நம்பருக்கு ஒரு கால் பண்ணிப் பாருங்கள். செலவு கொஞ்சம் கூடலாம். எழுத்து பல வருஷம் நிற்கும், யார் எழுதியது என்று சொல்லவும் ஊரில் ஒரு ஆள் இருப்பார்.