சீனடியும் பாடசாலைக்கு வரட்டும்

கராத்தே வகுப்புக்குப் போகப் போகிறேன் என்றால் எங்கள் ஊரில் சில வீடுகளிலாவது பெண்பிள்ளைகளுக்குச் சம்மதம் கிடைக்கும். சீனடி பழகப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். “அது ஆம்பிளையள்ர வெளாட்டு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் தற்காப்புக் கலை அது. இன்று பெரும்பாலும் கலியாண ஊர்வலத்திலும் அதிதிகளை வரவேற்கும்போதும்தான் கண்ணில் படுகிறது.

கராத்தேயின் கதையைப் படித்தபோது முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது பெயர்தான். சீனடியின் பெயரிலேயே சீனம் இருக்கிறது. ஒக்கினாவாத் தீவிலும் கராத்தேயை ஒரு காலம் ‘சீனக் கை’ என்ற பொருள்படவே எழுதினார்கள். அத்தீவு அப்போது ரியூக்கியூ என்ற தனி இராச்சியம். சீனாவோடு கப்பல் வணிகம் செய்த நாடு. அந்தப் போக்குவரத்தில் சீனச் சண்டை முறைகளும் வந்து, உள்ளூர் முறையோடு கலந்தன. ‘வெறுங்கை’ என்ற இன்றைய பொருள், 1936இல் நாஹா நகரில் ஆசான்கள் கூடிப் பேசிய பிறகே நிலைத்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான கதையல்ல.

சாமுராய்களை எதிர்க்க ஏழை விவசாயிகள் கண்டுபிடித்த கலை இது என்று பலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் தெரிந்த பழைய ஆசான்கள் பலர் அரச உத்தியோகத்தர்கள். இட்டோசு அங்கோ அரண்மனையில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரு சிலருக்கு மட்டும், இரவில், இரகசியமாகச் சொல்லிக் கொடுப்பதே அவர்களின் வழக்கம். 1879இல் ஜப்பான் அந்த இராச்சியத்தைக் கலைத்துத் தன்னோடு இணைத்தது. அப்படியே விட்டிருந்தால் கலையும் அந்த முதியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

இட்டோசு அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோனார். 1901இல் ஷூரி நகரின் ஆரம்பப் பாடசாலையில் தொடங்கினார். 1908இல் அதன் பயன்களைப் பத்து விடயங்களாக எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினார். மாணவர்களுக்கென்றே ஐந்து எளிய பயிற்சித் தொடர்களை அமைத்தார். ஆபத்தான அடிகளை நீக்கி வெறும் உடற்பயிற்சியாக்கிவிட்டார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவரிடம் பழகிய புனாகோஷி என்ற பாடசாலை ஆசிரியர்தான் 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டினார். 2021இல் அதே டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், கராத்தேயின் ‘கட்டா’ பிரிவில் ஸ்பெயின் நாட்டுப் பெண் சாண்ட்ரா சான்செஸ் 39 வயதில் தங்கம் வென்றார். ஷூரியின் அந்த இரவு முற்றங்களில் யார் இதை நினைத்திருப்பார்கள்?

நம்மிடம் சீனடி வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் அடிகளையும் காலடி வைக்கும் முறைகளையும் வீடியோவில் பதிந்து, படம் வரைந்து, பெயர் எழுதி வைக்க உயர்தர மாணவிகளான எங்களால் முடியும். ஆண் ஒருவர் எங்களுக்குப் பழக்குவதைப் பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்பது தெரியும். நான் அதைக் கேட்கவுமில்லை. ஒரு வாத்தியார் தன் வீட்டு முற்றத்தில் சொந்தப் பேத்திக்குப் பழக்கட்டும். பேத்தி எங்களுக்குப் பழக்குவாள். வாரத்தில் ஒரு உடற்கல்விப் பாடவேளை போதும்.

என் மூத்தவாப்பாவுக்கு இப்போது 74 வயது. நானாவுக்கு இரண்டு மாதம் பழக்கினார். ரியூஷன் வகுப்புக்கு நேரமில்லை என்று நானா விட்டுவிட்டார். குசினி வாசலில் நின்று பார்த்த எனக்கு முதல் நான்கு அடிகள் இன்னும் நினைவிருக்கின்றன. ஐந்தாவதை அவரிடம் கேட்கத்தான் போகிறேன்.